ஓட்டுக் கேட்டு வந்த வார்டு வேட்பாளர்: மறக்காத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள் (சென்னை, பழைய நகரப் பகுதிகள்)

சூளைக்காரன்:
2022 பிப்ரவரி, 19ஆம் தேதி ஓட்டுக்கு முந்தைய வாரம். நோட்டீஸில் முதல் வாக்குறுதியே 'கழிவுநீர்ப் பிரச்சினைக்கு நிரந்தரத் தீர்வு'. எங்கள் பக்கத்து நிலவரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தனி வீட்டை இடித்தால் ஸ்டில்ட் பிளஸ் நாலு, அதாவது கீழே பார்க்கிங், மேலே நாலு மாடி. ஆள் பெருகியாச்சு, அடியில் ஓடுவது தாத்தா காலத்துக் குழாய். மழையே இல்லாத நாளில்கூட மேன்ஹோல் பொங்கும். "பைப் மாத்துவீங்களா? எந்தத் தெருவுல ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன். மனிதர் துண்டைச் சரிசெய்துகொண்டே பக்கத்தில் இருந்தவர் காதில், "இது நம்மளுதா, மெட்ரோ வாட்டருதா?" என்றார். "அண்ணே, அப்புறம் பேசிக்கலாம்." ஒரு கும்பிடு, அடுத்த வீடு. முதல் வரியில் போட்ட வாக்குறுதி மாநகராட்சி வேலையா, மெட்ரோ வாட்டர் என்கிற குடிநீர் வாரியத்தின் வேலையா என்பதே தெரியவில்லை. இன்றைக்கும் மேன்ஹோல் பொங்கினால் அந்தக் கிசுகிசுதான் காதில் விழுகிறது.

ஜாம்பஜார் ஜன்னல்:
எங்கள் வார்டு பெண்களுக்கானது. வேட்பாளரின் கணவர்தான் பேசினார், அந்த அம்மா கும்பிட்டபடி நின்றார். இது எல்லா வார்டிலும் பார்த்த காட்சி, விடுங்கள். கணவர் போன் வந்து நகர்ந்த நேரத்தில் அந்த அம்மா, பூ கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம், "மார்க்கெட் கழிப்பறையை ராத்திரி எத்தனை மணிக்குப் பூட்டுறாங்க?" என்று கேட்டார். அக்கா நாரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எட்டு மணிக்கு. அதனால மத்தியானத்துக்கு மேல நான் தண்ணியே குடிக்கிறதில்ல." அதற்குள் கணவர் வந்துவிட்டார், மறுபடி கும்பிடு. நோட்டீஸில் பூங்கா இருந்தது, உடற்பயிற்சிக்கூடம் இருந்தது, கழிப்பறை இல்லை. அந்த அம்மா தோற்றுவிட்டார். அந்தக் கேள்வியை அவர்கள் நோட்டீஸின் தலைப்பில் போட்டிருக்கலாமே என்று இன்னும் தோன்றுகிறது.

பழைய ஓவர்சியர்:
சூளைக்காரன் சார், அந்த ஆளைக் கிண்டல் செய்வது சுலபம். எது யாருடைய வேலை என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? என் அனுபவம் சின்னதுதான்: வந்தவர் ரேஷன் கார்டு வாங்கித் தருவதாகச் சொன்னார், நான் சிரித்தேன், அவரும் சிரித்துவிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. குடிநீரும் கழிவுநீரும் 1978-லிருந்து மெட்ரோ வாட்டர். தெருவிளக்கும் குப்பையும் மாநகராட்சி, மின்சாரக் கம்பி ஈ.பி., பட்டா வருவாய்த்துறை. பெரிய கட்டிடம் என்றால் அனுமதி சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்). மாடி எழும்பும்போது யாரும் கவுன்சிலரைக் கேட்பதில்லை. அடியில் பொங்கும்போது மட்டும் அவர் வாசலில் போய் நிற்கிறோம். 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை சென்னைக்குக் கவுன்சிலரே கிடையாது, அதிகாரிகள்தான் நடத்தினார்கள். அந்த இடைவெளியில் எழும்பிய கட்டிடங்கள் எத்தனை!

அடுத்த முறை வருகிறவரிடம் 'நிரந்தரத் தீர்வு' பற்றிக் கேட்காதீர்கள். "மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகக் கழிவுநீரை விட்டிருக்கும் கட்டிடங்களைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்வீர்களா?" என்று கேளுங்கள். அது மாநகராட்சி எல்லைக்குள் வருகிற வேலை, செலவும் குறைவு. ஆனால் அந்தக் கட்டிடத்தில்தான் ஐம்பது ஓட்டு இருக்கும், முகம் மாறுவதைப் பார்க்கலாம். அப்புறம் வார்டு நிதியில் முதல் வேலை எது, பகுதி சபைக் கூட்டம் (வார்டு மக்கள் கூடிப் பேசுவது) எப்போது, போன கூட்டத்தில் எழுதிய தீர்மானம் எங்கே என்று கேளுங்கள். வாயால் சொல்வது போதாது, எழுத்தில் வாங்குங்கள். மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் புகார் சொன்னால் எண் தருவார்கள், அதையும் குறித்து வையுங்கள். கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம், அதுவே 2023-ல்தான் வந்தது. அதை வைத்துக்கொண்டு பொறியாளர் மாதிரி பேச வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

ஆஃப்செட் தம்பி:
ஓவர்சியர் சார், எழுத்தில் வாங்கினால் போதுமா? நான் அச்சகத்தில் நோட்டீஸ் டிசைன் போடுகிறவன். தேர்தல் நேரம், ராத்திரி பதினொரு மணி. ஒரே வேட்பாளருக்கு இரண்டு நோட்டீஸ். படம் ஒன்று, சின்னம் ஒன்று, கலர் ஒன்று. அபார்ட்மென்ட் பக்கம் கொடுக்க வேண்டியதில் நாலாவது பாயிண்ட்: 'நடைபாதை ஆக்கிரமிப்புகள் அகற்றப்படும்'. கடைத்தெருவுக்குப் போக வேண்டியதில் அதே நாலாவது பாயிண்ட்: 'நடைபாதை வியாபாரிகளுக்கு அடையாள அட்டை, கடைகளுக்கு முழுப் பாதுகாப்பு'. இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துப்பிழை பார்த்தேன். வாங்க வந்த பையனிடம், "கட்டு மாறிடப் போகுதுப்பா" என்றேன். அவன் மார்க்கரை வாங்கி ஒரு கட்டின் மேல் 'மாடி', இன்னொன்றின் மேல் 'ரோடு' என்று எழுதிக்கொண்டான். அவ்வளவு நிதானமாக!

இதில் கொடுமை என்னவென்றால் இரண்டையும் பொய் என்று சொல்ல முடியாது. 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுத்து அடையாள அட்டை கொடுக்கலாம், எங்கே விற்கலாம் எங்கே கூடாது என்று வகுக்கலாம். நடக்கிறவர்களுக்கு இவ்வளவு, கடைக்கு இவ்வளவு என்று ஒரே நோட்டீஸில் சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டு பக்கமும் கொஞ்சம் கோபப்படும், அதுதான் பயம். யார், எந்தக் கட்சி என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள், தொழில் போய்விடும்.

மூன்றாம் மாடி வாடகை:
என்னிடம் நோட்டீஸே வரவில்லை. பூத் ஏஜென்ட் வாக்காளர் பட்டியலில் ஸ்கேலை வைத்துப் பெயர் பெயராக இறக்கிக்கொண்டு வந்தார். என் கதவுக்கு நேரே வந்ததும், "இந்த வீட்டுல ஓட்டு இல்லண்ணே" என்றார். நான் கதவைத் திறந்து நிற்கிறேன்! வேட்பாளர் என்னைப் பார்த்து அரைகுறையாகச் சிரித்துவிட்டு மேலே ஏறிப் போய்விட்டார். எங்கள் மாடியில் நாலு வீட்டில் மூன்று வாடகை, எல்லோரும் வெளியூர். குப்பை போடுகிறோம், தண்ணீர் லாரிக்குக் குடம் பிடிக்கிறோம், பட்டியலில் மட்டும் இல்லை. பகுதி வளர்கிறது என்று எல்லா நோட்டீஸிலும் போட்டிருந்தார்கள். வளர்ந்தது நாங்கள்தானே?

சொந்த வீடு:
தம்பி, கோபப்படுவதற்கு முன் பெயரை மாற்றினீர்களா? உள்ளாட்சிக்கென்று தனியாகப் பட்டியல் தயாரிப்பதில்லை, சட்டமன்றப் பட்டியலைத்தான் வார்டு வாரியாகப் பிரிக்கிறார்கள். முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8, ஆன்லைனிலேயே போடலாம், வீட்டுக்கு ஆள் வந்து சரிபார்ப்பார். தேர்தல் அறிவித்த பிறகு ஓடாதீர்கள். ஊரில் இருக்கும் ஓட்டை விட மனசு வராமல் வைத்துக்கொண்டு இங்கே யாரும் மதிக்கவில்லை என்றால் எப்படி? எங்களுக்கு மட்டும் என்ன மரியாதை? ஓட்டுப் போட்டு ஆறு வாரத்தில் சொத்து வரி உயர்வு வந்தது. பழைய நகரப் பகுதியில் 1,800 சதுர அடிக்கு மேல் இருந்த குடியிருப்புக்கு 150 சதவீதம். எங்கள் வாசலுக்கு வந்த ஒரு நோட்டீஸிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. என் வாசலில் நின்று பார்க்கிங் பிரச்சினையைத் தீர்ப்பேன் என்று பேசியவரின் பிரச்சார வேன் என் கேட்டை மறித்துக்கொண்டு நின்றது, அதையும் எழுதி வைக்கிறேன்.

மூன்றாம் மாடி வாடகை:
படிவம் 8 தெரியும் சார். முகவரிக்குச் சான்றாக வாடகை ஒப்பந்தம் வேண்டும் அல்லவா? பதிவு செய்து கையெழுத்துப் போட எங்கள் ஹவுஸ் ஓனர் மாட்டேன் என்கிறார். வாடகைக்கு விட்டிருப்பது தெரிந்தால் வரி ஏற்றிவிடுவார்களாம்.