60 சதவீத அடைப்பு, ஆனால் ஸ்டென்ட் வைக்கவில்லை: இதய ஸ்கேன் அனுபவங்கள்

அப்பாவுக்கு மாடி ஏறினால் நெஞ்சில் இறுக்கம். இதயக் குழாய்களைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோகிராமில் முன்பக்கக் குழாயில் 60 சதவீத அடைப்பு, கூடவே நிறைய கால்சியம் என்று வந்தது. வீட்டில் எல்லாரும் ஸ்டென்ட்தான் என்று முடிவே கட்டிவிட்டோம். டாக்டர் அசையவில்லை. கால்சியம் சிடி படத்தில் இருப்பதைவிடப் பெரிதாகப் பளிச்சென்று தெரியும், அதனால் அடைப்பும் கூடுதலாகத் தோன்றலாம், அப்படியே 60 இருந்தாலும் அதனால் இதயத் தசைக்கு ரத்தம் குறைகிறதா என்று பார்க்காமல் கை வைக்க மாட்டேன் என்று, கதிரியக்க மருந்து செலுத்தி இதயத் தசைக்கு ரத்தம் போவதைப் படமெடுக்கும் ஸ்பெக்ட் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

முந்தைய நாளிலிருந்தே காபி, டீ, சாக்லேட் எதுவும் கூடாது. இதயக் குழாய்களை விரித்து ரத்த ஓட்டத்தைக் கூட்டும் அடினோசின் ஊசியை அவற்றில் உள்ள காஃபின் வேலை செய்ய விடாதாம். முட்டிவலியால் அப்பாவால் டிரெட்மில்லில் நடக்க முடியாது, அதனால்தான் ஊசி. மருந்து ஏற ஏற முகம் சிவந்து, மூச்சு வாங்கி, “நெஞ்சு மேல யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்குப்பா” என்றார். நிறுத்தியதும் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது.

அப்புறம் டாக்டர் சிடி படத்தையும் ஸ்பெக்ட் படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தித் திரையில் சுழற்றிக் காட்டினார். குறுகிய குழாய் போகும் பகுதியில், ஓய்விலும் சரி, ஊசிக்குப் பிறகும் சரி, ஒரே நிறம். ரத்தம் ஒழுங்காகப் போகிறது. இப்போதைக்கு மாத்திரைகள் மட்டும்தான்.

மறுமொழி 1
எங்கள் அம்மாவுக்கு நேர் எதிர். ஸ்பெக்ட் நார்மல், வலி மட்டும் நிற்கவே இல்லை. ஸ்பெக்ட் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு ஒப்பிட்டுத்தான் சொல்லும், இதயத்தின் மூன்று முக்கியக் குழாய்களிலும் ரத்தம் ஒரே அளவு குறைந்திருந்தால் படம் அழகாகவே வரும் என்று பிறகுதான் விளக்கினார்கள். ருபீடியம் என்ற கதிரியக்க மருந்து போட்டு, பெட், சிடி இரண்டும் சேர்ந்த பெட்-சிடி ஸ்கேன் எடுத்தபோது, ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தம் என்று எண்ணாகவே வந்தது, மூன்று பக்கமும் குறைவு. பைபாஸ் செய்தோம். ருபீடியத்தின் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 76 நொடிதான், அதனால் ஓய்வுப் படம், ஊசிப் படம் இரண்டையும் ஒரே அமர்வில் எடுத்துவிட்டார்கள்.

மறுமொழி 2
நான் ஸ்கேன் அறையில் வேலை செய்கிறவன். பெட்-சிடியில் சிடி சில நொடியில் முடியும், பெட் பல நிமிடம் ஓடும், அதற்குள் நோயாளி எத்தனையோ முறை மூச்சு விட்டிருப்பார். இரண்டும் கொஞ்சம் விலகினால் இதயத்தின் பக்கச் சுவர் சிடியில் நுரையீரல் மேல் விழும், உடல் உறிஞ்சும் கதிர்களை சிடியை வைத்து ஈடுகட்டும் திருத்தக் கணக்கு தப்பி, இல்லாத ரத்தக் குறைவு இருப்பதுபோல் தெரியும். பொருத்தம் சரியா என்று பார்த்து, தேவைப்பட்டால் நகர்த்திவிட்டுத்தான் படத்தை டாக்டருக்கு அனுப்புவோம். அதனால் “அசையாதீங்க, சாதாரணமா மூச்சு விடுங்க” என்றால் தயவுசெய்து கேளுங்கள். பழைய சிடி ஆஞ்சியோகிராம் படங்கள் பதிவான குறுந்தட்டு இருந்தால் கையோடு கொண்டு வாருங்கள், வேறு இடத்தில் எடுத்ததாக இருந்தாலும் பல சமயம் மென்பொருளில் சேர்த்துப் பார்த்துவிடலாம், ரிப்போர்ட் தாள் மட்டும் இருந்தால் அது முடியாது.