யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் மூடிய போர்ட் வெளியிலிருந்து திறந்தே இருக்கிறது, டாக்கர்தான் காரணமா?

நிழல்வேர் (கேள்வி):
வணக்கம். நிறுவனத்தின் பில்லிங் செயலி ஓடும் சர்வர், உபுண்டு 22.04. யுஎஃப்டபிள்யூவில் உள்ளே வருவதெல்லாம் தடை, 22-ம் 443-ம் மட்டும் அனுமதி. ஸ்டேட்டஸ் பார்த்தால் அப்படியேதான் காட்டுகிறது. ஆனால் வாடிக்கையாளர் தரப்பு ஆடிட்டர் வெளியிலிருந்து ஸ்கேன் செய்து, 5432, 6379 இரண்டும் திறந்திருப்பதாக அறிக்கை அனுப்பிவிட்டார். போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ், 5432), ரெடிஸ் (நினைவகத் தரவுச் சேமிப்பு, 6379) இரண்டும் டாக்கர் கம்போஸில், தனித்தனி கன்டெய்னர்களாக ஓடுகின்றன. 5432-க்குத் தனியாகத் தடை விதி போட்டு, ரீபூட் வரை செய்து பார்த்தாயிற்று. போஸ்ட்கிரெஸ் லாக்கில் ‘போஸ்ட்கிரெஸ்’ என்ற பயனரின் பாஸ்வேர்ட் தவறு என்று வரிசையாக விழுகிறது. எங்கள் டேட்டாபேஸில் அப்படி ஒரு பயனரே கிடையாது! எங்கே பார்ப்பது?

கருந்திரை:
யுஎஃப்டபிள்யூ பொய் சொல்லவில்லை, அதைக் கேட்காமலே பாக்கெட் போய்விடுகிறது. கம்போஸில் போர்ட்டைப் பப்ளிஷ் செய்தால் (வெளியே திறந்துவிட்டால்), டாக்கர் ஐபிடேபிள்ஸின் (லினக்ஸின் ஃபயர்வால் விதிகள், யுஎஃப்டபிள்யூ எழுதுவதும் இங்கேதான்) நாட் என்ற முகவரி மாற்றும் அட்டவணையில் தன் விதியை எழுதிவிடும். வரும் பாக்கெட்டின் முகவரி அங்கேயே கன்டெய்னர் முகவரியாக மாறி, ஃபார்வர்ட் செயின் வழியாகப் போகும். நீங்கள் போட்ட தடையோ சர்வருக்கே வரும் பாக்கெட்டை மட்டும் பார்க்கும் இன்புட் செயினில் இருக்கிறது. வாசலில் காவலாளி நிற்க, ஆள் பக்கத்துச் சந்து வழியாக உள்ளே போன கதைதான்.

கம்போஸ் கோப்பில் "5432:5432" என்று இருப்பதை "127.0.0.1:5432:5432" என்று மாற்றுங்கள். ரீஸ்டார்ட் மட்டும் போதாது, கன்டெய்னர் புதிதாக உருவாக வேண்டும். அதனால் கம்போஸ் அப் கொடுங்கள். டேட்டாபேஸோடு பேசுவது பக்கத்துக் கன்டெய்னர் மட்டும்தான் என்றால் அந்த போர்ட் வரியையே எடுத்துவிடலாம். ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் சர்வீஸ் பெயரைச் சொன்னாலே இணைப்பு கிடைக்கும்.

வால்பையன்:
டாக்கரின் அமைப்புக் கோப்பான டீமன் ஜேசனில் ஐபிடேபிள்ஸ் ஃபால்ஸ் என்று போட்டால் டாக்கர் வாலாட்டாது. ஒரே வரி வேலை.

கருந்திரை:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கன்டெய்னர்களிலிருந்து இணையத்துக்குப் போகும் வழியும் சேர்ந்தே அறுந்துவிடும். ஃபயர்வால் விதிதான் வேண்டும் என்றால் டாக்கர்-யூசர் செயினில் எழுதுங்கள், டாக்கரின் சொந்த விதிகளுக்கு முன்பே அது பார்க்கப்படும். அதிலும் ஒரு சிக்கல்: பாக்கெட் அங்கே வருவதற்குள் போர்ட் எண் மாறியிருக்கும். 8080-ஐ கன்டெய்னரின் 80-க்குத் திருப்பியிருந்தால், 8080-க்குப் போட்ட விதி பொருந்தவே பொருந்தாது. பழைய எண்ணைப் பிடிக்க, இணைப்பின் மூல விவரத்தை நினைவில் வைக்கும் கான்ட்ராக் மாட்யூல் வேண்டும்.

முனையம்7:
எனக்கு உங்கள் ரெடிஸைப் பற்றித்தான் கவலை. பாஸ்வேர்ட் இல்லாதபோது வெளி இணைப்புகளைத் தானே மறுக்கும் ‘புரொடெக்டட் மோட்’ ஒன்று ரெடிஸில் உண்டு. அதிகாரப்பூர்வ டாக்கர் இமேஜில் அது அணைக்கப்பட்டே வருகிறது. பாஸ்வேர்ட் வைக்கவில்லை என்றால், இத்தனை நாளும் யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம், அழித்திருக்கலாம்.

அப்புறம், செயலிக்கான பயனரை கம்போஸ் கோப்பின் போஸ்ட்கிரெஸ்_யூசர் என்ற சூழல் மாறி வழியாகவா உருவாக்கினீர்கள்? அப்படியானால் அவர் எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசர். காப்பி புரோகிராம் கட்டளையால் கன்டெய்னருக்குள் ஷெல் கட்டளையே ஓட்டலாம். செயலிக்கு அதிகாரம் குறைந்த தனிப் பயனரை உருவாக்குங்கள். பாஸ்வேர்ட்களையெல்லாம் மாற்றுங்கள். லாக்கில் தோற்ற முயற்சிகள் மட்டும்தானா, ஏதாவது ஒன்று உள்ளே போனதா என்று பாருங்கள். இயல்பு அமைப்பில் வெற்றிகரமான இணைப்பு லாக்கில் பதிவாகாது, ‘லாக் கனெக்‌ஷன்ஸ்’ ஆன் செய்திருந்தால்தான் தெரியும்.

நிழல்வேர்:
ஆமாம், சூப்பர்யூசர்தான். லாக் கனெக்‌ஷன்ஸும் ஆஃப். ரெடிஸின் போர்ட் வரியை எடுத்துவிட்டேன், போஸ்ட்கிரெஸ் 127.0.0.1-க்கு மாறியாயிற்று. வெளியிலிருந்து என்மேப் (போர்ட் ஸ்கேனர்) ஓட்டினால் 22, 443 மட்டும் தெரிகின்றன. கணக்குப் பிரிவின் ரிப்போர்ட் மென்பொருள்தான் இப்போது டேட்டாபேஸோடு இணையவில்லை. அவர்களுக்கு மட்டும் எப்படித் திறப்பது?

முனையம்7:
திறக்க வேண்டாம், எஸ்எஸ்ஹெச் டன்னல் (ஏற்கெனவே திறந்திருக்கும் 22 வழியாகவே டேட்டாபேஸுக்குப் போகும் மறையாக்கப் பாதை) கொடுங்கள். அதற்கென ஒரு தனிக் கணக்கு, ஷெல் கிடையாது. சாவி கோப்பில் ‘ரெஸ்ட்ரிக்ட், போர்ட் ஃபார்வர்டிங்’ இரண்டோடு பெர்மிட்ஓப்பனில் லோக்கல்ஹோஸ்ட் 5432 மட்டும். டேட்டாபேஸில் அவர்களுக்குப் படிக்க மட்டும் அனுமதி.

டாக்கர் பதிப்பு 28-க்கு முந்தையதா என்றும் பாருங்கள். பழைய பதிப்புகளில் 127.0.0.1-க்குக் கட்டிய போர்ட்டைக்கூட அதே லேன் பிரிவில் இருக்கும் இன்னொரு இயந்திரம் தொட முடியும். வெளியிலிருந்து என்மேப் ஓட்டினால் அது தெரியாது.