60,000 ரூபாய்க்கு போலோ ஜிடில முதல்ல எதை மாத்துறது?

பாண்டி மக்களே, ஒரு ஹெல்ப். 2014 ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) கார், டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், போன தீபாவளிக்கு செகண்ட்ஸ்ல எடுத்தேன், 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. ஈசிஆர்ல காலாப்பட்டு தாண்டி வளைவுல கொஞ்சம் வேகமா திருப்பினாலே முன் டயர் கத்துது, பிரேக் அடிச்சா மூக்கு குத்துது. அலைன்மென்ட் பார்த்தாச்சு, பிரேக் ஆயில் மாத்தியாச்சு, காத்து 33 வச்சும் பார்த்தாச்சு, அப்படியேதான் இருக்கு. குனிஞ்சு டயர்ல பார்த்தா 1218னு போட்டிருக்கு, அதாவது 2018ல 12வது வாரம், மார்ச்ல செஞ்சது, நகத்தால அழுத்தினா ரப்பர் பதியவே மாட்டேங்குது. கேட்ட கடையெல்லாம் முதல்ல ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்க மாத்தி பவர் ஏத்துறது) பண்ணுங்கங்கிறாங்க, ஆனா 105 குதிரைசக்தியவே ரோட்ல பிடிக்காத டயர்ல இன்னும் பவர் ஏத்துறது எனக்கு சுத்தமா சரியா படல, ஆயில்ல முங்காத டிரை கிளட்ச் கியர்பாக்ஸ் வேற, பவர் ஏறினா அதுக்கும் சுமைதான். 185/60 ஆர்15 நாலு டயரோட ஷாக் அப்சார்பரும் சேர்த்து மாத்திடவா, இல்ல டயரும் பிரேக் பேடும் மட்டும் போட்டு ஓட்டிப் பார்க்கட்டுமா?