கரையேறிய பிறகு வரும் இழுப்பு

என் மகளுக்கு அப்போது 13 வயது, 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்துவாள். தண்ணீருக்குள் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. கரையேறி ஐந்து, பத்து நிமிடம் ஆனதும் இருமல் பிடித்துக்கொள்ளும், நெஞ்சில் விசில் சத்தம். "ஸ்டாமினா போதாது" என்று கோச் இன்னும் நாலு லேப் போடச் சொன்னார். நானும் நம்பி, கேழ்வரகுக் கஞ்சியைக் கூட்டினேன்!

திறந்தவெளிக் குளத்தில் அவ்வளவாக வராது. கூரை போட்ட குளத்தில், கூட்டம் அதிகமான நாளில், தப்பாமல் வரும். நுரையீரல் டாக்டரிடம் இதைச் சொன்னதும்தான் விஷயம் புரிந்தது. குளத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி வெறும் குளோரின் இல்லையாம். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து டிரைகுளோரமைன் என்ற வாயு உண்டாகிறது. காற்றைவிடக் கனம், அதனால் தண்ணீரை ஒட்டியே கிடக்கும். நீந்துகிறவர்கள் வாயைத் திறந்து மூச்சிழுப்பதும் அங்கேதான்.

சும்மா உட்கார வைத்து ஊதச் சொன்னபோது எல்லாம் நார்மல். டிரெட்மில்லில் ஓடவிட்டு மறுபடி ஊதச் சொன்னபோது, முதல் விநாடியில் வரும் காற்று 18 சதவீதம் குறைந்திருந்தது. 10 சதவீதம் குறைந்தாலே கவனிக்க வேண்டுமாம். ஆஸ்துமாதான். இப்போது தினமும் ஸ்டீராய்டு இன்ஹேலர். குளத்தில் இறங்க கால்மணி நேரம் முன்னால், மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் இரண்டு பஃப், ஸ்பேசர் (இன்ஹேலரோடு மாட்டும் குழாய்) வைத்து. ஸ்பேசர் இல்லாத நாட்களில் பாதி மருந்து நாக்கில்தான் போனது. "பஃப் பழகிவிடும்" என்று என் மாமியார் இன்றைக்கும் முணுமுணுக்கிறார்.

* * *

அக்கா, பாப்பா போட்டிக்குப் போகிறாள் என்றால் ஒன்று சொல்கிறேன். நானும் இழுப்போடு நீந்தியவன்தான். ஊக்கமருந்து விதிப்படி இன்ஹேலரில் சால்பியூட்டமால் எடுக்கலாம். 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600 தாண்டக்கூடாது. ஒரு பஃப் 100 என்பதால் உங்களுக்குப் பயமில்லை. ஆபத்து இருமல் சிரப்பில். நம் ஊர் சிரப் பலவற்றில் டெர்புட்டலின் என்ற, அதேபோல மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து இருக்கிறது, அது ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ளது. சால்பியூட்டமாலையே வாய்வழி குடித்தாலும் தடைதான்.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் ஜெயித்த அமெரிக்கப் பையன் ரிக் டிமாண்டுக்கு 16 வயது. ஆஸ்துமா மாத்திரையில் எபிட்ரின் என்ற தடை செய்யப்பட்ட மருந்து இருந்ததால் தங்கம் போயிற்று. மாத்திரை விவரத்தை அவன் படிவத்தில் முன்பே எழுதிக் கொடுத்திருந்தான். அவனுடைய அணி டாக்டர்கள்தான் கவனிக்கவில்லை.

* * *

தம்பி, இப்போதுதான் ஃபிரிட்ஜ் மேல் இருந்த சிரப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். டெர்புட்டலின் இருக்கிறது. போன மாவட்டப் போட்டிக்கு முந்தின ராத்திரி இரண்டு ஸ்பூன் கொடுத்தேன்.