தீட்டா அலையை வைத்தே ஹிப்னாடிச ஏற்புத்திறனைச் சொல்லிவிட முடியுமா?

சிற்றலை (கேள்வி):
ஹிப்னாடிசத்துக்குச் சிலர் சட்டென்று வசப்படுகிறார்கள், சிலர் என்ன செய்தாலும் அசைவதில்லை. எளிதில் வசப்படுபவர்களுக்கு 4–8 ஹெர்ட்ஸ் தீட்டா (மெதுவான மூளை மின்னலை) கூடுதல் என்கிறார்கள். அப்படியானால் ஏற்புத்திறனை அளக்கும் ஸ்டான்ஃபோர்ட் அளவுகோலை விட்டுவிட்டு, கண்ணை மூடச் சொல்லி ஐந்து நிமிட இஇஜி (தலையில் மின்முனை ஒட்டி மூளை மின்னலைகளைப் பதிவது) எடுத்தே ஆட்களைப் பிரிக்கலாமா?

நியூரான்:
முடியாது. தீட்டா கூடுதல் என்பது குழுவின் சராசரி. அதுவும் எல்லா ஆய்விலும் வருவதில்லை. கண் மூடியவர் லேசாகச் சொக்கினாலே தீட்டா ஏறிவிடும். பதிவை 30 நொடித் துண்டுகளாகப் பாருங்கள். ஆல்ஃபா (விழித்தபடி கண் மூடியிருக்கும்போது வரும் அலை) கரைந்து கண் மெதுவாக உருளும் இடங்களைத் தள்ளிவிடுங்கள். காமாவில் (30 ஹெர்ட்ஸுக்கு மேலான வேக அலை) இன்னும் பெரிய வம்பு; தசையின் மின்சாரமும் அதில் கலந்துவிடும்: நெற்றித் தசையும் தாடைத் தசையும் தளர்ந்தாலே 30 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாம் குறையும். ஹிப்னாடிசத்தில் உடம்பைத் தளர விடத்தானே சொல்கிறோம்!

ஸ்டான்ஃபோர்ட் அளவுகோலின் சி வடிவம் (1962) பார்ப்பது நடத்தையை. மொத்தம் 12 சோதனைகள். கை தானாகக் கீழிறங்குவது சுலபம், பெரும்பாலோர் செய்துவிடுவார்கள். எதிரே மூன்று பெட்டிகள் இருக்க, 'இரண்டுதான்' என்று சொன்னதும் இரண்டை மட்டும் பார்ப்பது அபூர்வம். 25 ஆண்டு கழித்து அதே ஆட்களைச் சோதித்தபோதும் இரண்டு ஸ்கோர்களின் ஒட்டுறவு (முழுதும் பொருந்தினால் 1) 0.71 வந்தது (1989). இவ்வளவு நிலையான அளவுகோலைக் கைவிட்டு இஇஜியைப் பிடிப்பானேன்?

மடிப்பு:
எஃப்எம்ஆர்ஐ (மூளையின் எந்தப் பகுதி இயங்குகிறது என்று காட்டும் ஸ்கேன்) பக்கம் நிலைமை கொஞ்சம் தேவலாம். 2012 ஆய்வில் (உயர் ஸ்கோர் 12 பேர், தாழ் ஸ்கோர் 12 பேர்) சும்மா படுத்திருக்கும்போதே உயர் ஸ்கோர்காரர்களின் இடது முன்நெற்றிப் புறணி (திட்டமிடும் பகுதி), முன் சிங்குலேட்டோடு (முரண்பாட்டையும் வலியின் வேதனையையும் கவனிக்கும் பகுதி) கூடுதலாக இணைந்து இயங்கியது. மூளை அமைப்பில் அப்படி வேறுபாடு தென்படவில்லை. ஆட்கள் குறைவு, அதை மறக்க வேண்டாம்.

ஆனால் 'ஹிப்னாடிச மையம்' என்று ஒன்றைத் தேடாதீர்கள். என்ன கருத்தேற்றம் (ஹிப்னாடிசத்தில் சொல்லி மனதில் பதிப்பது) தருகிறோமோ அதற்கேற்ப மூளை மாறும். ஸ்ட்ரூப் சோதனையில் ('சிவப்பு' என்ற சொல் நீல மையில் இருக்கும்; மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும்) 'இவை புரியாத மொழியின் எழுத்துகள்' என்று ஏற்றியதும், உயர் ஸ்கோர்காரர்களுக்குச் சொல்லும் நிறமும் மோதும் குழப்பம் குறைந்தது. சிங்குலேட்டும் அடங்கியது (2005). வலியின் 'வேதனையை' மட்டும் கூட்டியும் குறைத்தும் ஏற்றியபோது மாறியது முன் சிங்குலேட். தொடுவுணர்ச்சிப் புறணி மாறவில்லை (1997).

நியூரான்:
இவை பெரும்பாலும் ஒட்டுறவுகள்தான். காரணத்தைத் தொட்டுப் பார்த்தது 2024 ஆய்வு: ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பெங்கும் நாள்பட்ட வலி) உள்ள 80 பேர், இடது முன்நெற்றிப் புறணிக்கு மொத்தம் 92 நொடி காந்தத் தூண்டல். ஏற்புத்திறன் சற்றே ஏறி, ஒரு மணி நேரத்தில் பழையபடி ஆகிவிட்டது.

சிற்றலை:
அப்படியானால் ஸ்கோர், இஇஜி இரண்டையும் எடுக்கிறேன். எது முதலில்?

மடிப்பு:
இஇஜி. 'ஹிப்னாடிசம்' என்ற சொல்லே காதில் விழுவதற்கு முன் பதியுங்கள். ஸ்கோர் தெரிந்த பின் எடுத்தால் எதிர்பார்ப்பும் பதிவாகிவிடும். ஸ்கோர் போடுபவர் இஇஜியைப் பார்க்கக் கூடாது. நடுத்தர ஸ்கோர்காரர்களையும் சேருங்கள்; இரண்டு ஓரங்களை மட்டும் வைத்தால் ஒட்டுறவு ஊதிப் பெருத்துத் தெரியும்.