கடல் நீரைக் குடிநீராக்க ஆயிரம் அடி போர் (ஆழ்துளைக் கிணறு) போதுமா?

தேரிமணல்:
வாட்ஸ்அப்பில் வந்தது, அப்படியே போடுகிறேன். "ராதாபுரம் பக்கம் ஆயிரம் அடி போர் போட்டால் தண்ணீர் சூடாக வருகிறது. அந்தப் பூமிச் சூட்டில் கடல் நீரைக் காய்ச்சினால், கரண்ட் செலவே இல்லாமல் உவரி முதல் கூடங்குளம் வரை குடிநீர் கொடுக்கலாம்." நல்ல யோசனைதானே? ஏன் யாரும் செய்யவில்லை?

வள்ளியூரான்:
படித்ததும் எரிச்சல்தான் வந்தது. எத்தனை டிகிரி என்று யாராவது தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தீர்களா? ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்குச் சுமார் 25, 30 டிகிரிதான் கூடும். ஆயிரம் அடி என்பது 300 மீட்டர். மிஞ்சிப்போனால் எட்டு, ஒன்பது டிகிரி. நம் பக்கம் பழைய கடினப் பாறை. வெந்நீர் ஊற்று வேண்டுமென்றால் லடாக்கில் பூகா, இமாசலத்தில் மணிகரண் என்று போக வேண்டும்.

தேரிமணல்:
அண்ணாச்சி, எங்கள் தோட்டத்தில் விடியற்காலை மோட்டார் போட்டால் தொட்டியில் ஆவி பறக்கிறது. கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். சூடாகத்தான் வருகிறது.

வள்ளியூரான்:
மார்கழி விடியலில் எந்தப் போர் தண்ணீரும் ஆவி பறக்கும். வெளிக்காற்று குளிர்ந்திருக்கும், அவ்வளவுதான். கணக்கைப் பாருங்கள். ஆயிரம் லிட்டர் போர் தண்ணீரில் இருக்கிற அந்த எட்டு டிகிரியை முழுக்க உறிஞ்சினாலும் பதினாலு லிட்டர் கடல் நீர்தான் ஆவியாகும். அந்த ஆயிரம் லிட்டரை ஆயிரம் அடியிலிருந்து மேலே கொண்டுவர ஒன்றரை யூனிட் கரண்ட் ஆகும். அதே ஒன்றரை யூனிட்டை ஆர்.ஓ.வுக்கு, அதாவது கடல் நீரைச் சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் கருவிக்குக் கொடுத்தால் நானூறு லிட்டர் நல்ல தண்ணீர் கிடைக்கும். வளைகுடாவில் கடல்நீர் ஆலையில் வேலை பார்த்தவன் சொல்கிறேன்.

பொதிகைக்காற்று:
வளைகுடா பெருமையைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். லட்சத்தீவில் கவரட்டியில் 2005 முதல் கடலிலிருந்து தினம் ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் எடுக்கிறார்களே, அது எந்த அடுப்பில் காய்ச்சியது? மேல்தண்ணீர் 28 டிகிரி, ஆழத்துத் தண்ணீர் அதைவிடப் பதினைந்து டிகிரி குளிர்ச்சி. அழுத்தத்தைக் குறைத்து ஆவியாக்கிப் பிடிக்கிறார்கள். கொதிக்கவே வேண்டாம். அப்புறம் எட்டு டிகிரி என்றால் ஏன் இந்த இளக்காரம்?

வள்ளியூரான்:
கவரட்டியில் கரையை ஒட்டியே 350 மீட்டர் ஆழம். குழாய் போட்டால் குளிர்ந்த கடல் நீர் அள்ள அள்ள வரும். மன்னார் வளைகுடா கரையோரம் அப்படியா? உங்கள் போரில் ரெண்டு இஞ்ச் தண்ணீர் வந்தால் சாமிக்குத் தேங்காய் உடைப்பீர்கள். சூடு வேறு, சூட்டின் அளவு வேறு.

தேரிமணல்:
ஆக, சூடு இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

வள்ளியூரான்:
எதையும் ஒத்துக்கொள்ளவில்லை! முதலில் ரீடிங் போடும் வேய். நம்மிடம் இருப்பது தலைக்கு மேலே. வெயிலிலும் நேராகக் காய்ச்ச முடியாது. கண்ணாடித் தொட்டி வைத்தால் சதுர மீட்டருக்குத் தினம் நாலைந்து லிட்டர்தான். சிலி நாட்டில் லாஸ் சலினாஸில் 1872-லேயே நாலாயிரம் சதுர மீட்டருக்கு மேல் கண்ணாடி பரப்பியும் இருபதாயிரம் லிட்டர் சுமாருக்குத்தான் கிடைத்தது. வெயிலைக் கரண்டாக்கி ஆர்.ஓ. ஓட்டினால் ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட்டில் முடியும். பணகுடி, ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாடிகள் வேறு சுற்றுகின்றன.

உவரிக்கரை:
எல்லாம் சரி, ஆர்.ஓ.வில் பாதிக்கு மேல் கழிவாக வருமே, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு உப்போடு. அந்தக் குழாயை எங்கே விடப் போகிறீர்கள்? கூத்தங்குழி கடலிலா, உவரி கடலிலா?

பொதிகைக்காற்று:
காற்றாடியும் வைகாசி முதல் ஆவணி வரைதான் நன்றாகச் சுற்றும். பங்குனியில் குடம் தூக்கும்போது கரண்ட் எங்கே? கடலை விடுங்கள். தாமிரபரணி வெள்ள நீரை நம் தேரிக்கு, இந்தச் செம்மணல் காட்டுக்குக் கொண்டுவரும் கால்வாய் 2009-இல் ஆரம்பித்த வேலை. 75 கிலோமீட்டருக்கு எத்தனை வருஷம் இழுத்தார்கள்? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஆற்றுத் தண்ணீர் அவ்வளவும் கடலுக்குத்தானே போனது?

வள்ளியூரான்:
பங்குனியில் காற்று இல்லை என்றால் வெயில் இருக்கிறது, அதைத்தானே சொன்னேன்! வெள்ளம் வருஷா வருஷம் வருமா? மழை பொய்த்த வருஷம் கால்வாயில் எதை விடுவீர்கள்? கடல் மட்டும்தான் வற்றாது.

உவரிக்கரை:
கடலைப் பற்றி நீங்கள் பேசுவதுதான் வேடிக்கை. 2011-இல் கூடங்குளம் அணு உலையை எதிர்த்து இடிந்தகரைப் பந்தலில் எங்கள் பெண்கள் உட்கார்ந்திருந்தபோது, இதே தளத்தில் "படிக்காதவர்கள் பயம்" என்று எழுதினீர்கள். மறக்கவில்லை.

வள்ளியூரான்:
அது அணு உலை, இது குடிதண்ணீர். ரெண்டையும் முடிச்சுப் போடாதீர்கள். கல்பாக்கத்தில் உலை நீராவியில் தினம் 45 லட்சம் லிட்டர் காய்ச்சி எடுக்கிற ஆலையும், பக்கத்திலேயே 18 லட்சத்துக்கு ஆர்.ஓ.வும் வைத்தார்கள். கூடங்குளம் வளாகத்துக்குள்ளேயே கடல்நீர் ஆலை இருக்கிறது. உள்ளே முடிவது வெளியே ஏன் முடியாது என்று கேளுங்கள், நானும் வருகிறேன்.

உவரிக்கரை:
கழிவுக் குழாய் எந்த ஊர்க் கடலில்? இத்தனை பதிவு போட்டும் அதற்கு மட்டும் பதில் இல்லை.

தேரிமணல்:
என் போர் தண்ணீர் சூடு. அதற்கும்தான் பதில் இல்லை.

வள்ளியூரான்:
ரீடிங், ரீடிங்! எத்தனை தடவை கேட்பது? தொட்டியில் அல்ல, மோட்டார் ஓடும்போது குழாய் வாயில் வைத்துப் பார்த்து எழுதுங்கள். நாளைக்குக் குழாயின் ஆழத்தையும் கழிவின் கணக்கையும் தனித் தலைப்பில் போடுகிறேன்.

உவரிக்கரை:
போடுங்கள். ஊர்ப் பெயரோடு போடுங்கள்.