நூல் லாட் முதல் கார்ட்டன் வரை தடம் காட்டுவது எப்படி?

கேள்வி (பனியன் ஏற்றுமதி, பெருமாநல்லூர்):
வணக்கம். எங்களுடையது சிறிய நிறுவனம். கட்டிங்கும் தையலும் பேக்கிங்கும் மட்டுமே எங்களிடம் நடக்கின்றன. நிட்டிங், சாயம், காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்வது) எல்லாம் ஜாப் ஒர்க்தான், அதாவது வெளியே கூலிக்குக் கொடுத்துச் செய்வது. கார்ட்டனில் உள்ள துணி எந்த நூல் லாட்டிலிருந்து (ஒரே தொகுப்பாகத் தயாரான நூல்) வந்தது என்று காட்டும்படி ஐரோப்பிய பையர் கேட்கிறார். ஆர்.எஃப்.ஐ.டி. டேக் (ரேடியோ அலையால் தொலைவிலிருந்தே படிக்கக்கூடிய அடையாளச் சீட்டு), ரீடர், மென்பொருள் மூன்றுக்கும் சேர்த்து எங்களிடம் சொல்லப்பட்ட விலை மலைக்க வைக்கிறது. க்யூ.ஆர். கோடு போதாதா?

பதில் 1 (மெர்ச்சண்டைசர், திருப்பூர்):
பையர் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2024 ஜூலை 18 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குமுறை, பொருள்களுக்கு டிஜிட்டல் கடவுச்சீட்டு (பொருளின் விவரங்களைக் காட்டும் மின்னணுப் பதிவு) கொண்டுவர வழி செய்கிறது. ஆடைகளுக்கான விரிவான விதிகள் தனியே வரும்.

பெட்டியைத் திறக்காமலே உள்ளிருக்கும் பீஸ்களை ஒரே நேரத்தில் எண்ணிவிடலாம் என்பதால், பேக்கிங்கில் ஆர்.எஃப்.ஐ.டி. பெரிய உதவிதான். ஆனால் உங்கள் பையர் கேட்பது எண்ணிக்கையை அல்ல, துணியின் வரலாற்றை. அந்த வரலாறு அறுபடும் இடம் சாயப்பட்டறை. நிட்டிங்கில் ரோல் மீது ஒட்டும் காகித ஸ்டிக்கர் சாயத்தில் நிற்காது. அதோடு, பல ரோல்களை முனைக்கு முனை தைத்து ஒரே சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷினில் ஏற்றும்போது, தனித்தனி ரோல் என்ற கணக்கே மறைந்து பேட்ச் (ஒரே தடவையில் சாயமேறும் துணி) என்ற ஒன்றுதான் மிஞ்சுகிறது. எந்தெந்த ரோல் எந்த பேட்ச்சில் சேர்ந்தது என்று அங்கே ஒருவர் பதிவு செய்யாவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த டேக் வாங்கினாலும் பயனில்லை. முதலில் க்யூ.ஆர். கோடு வைத்தே தொடங்குங்கள்.

பதில் 2 (சாயப்பட்டறை மேற்பார்வை):
மேலே சொன்னது சரி. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீரைத் துளியும் வெளியே விடக்கூடாது என்ற நிலை வந்தபின், அளந்து பதிவு செய்வது எங்கள் அன்றாட வேலையாகிவிட்டது. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் கார்டு போடுகிறோம். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒரு டி.சி.யில் (துணியோடு அனுப்பும் டெலிவரி சலான்) ஒரே நூல் லாட்டை மட்டும் அனுப்புங்கள். இரண்டு லாட் கலந்தால் ஷேடு (நிறச் சாயல்) மாறும் என்பது உங்களுக்கே தெரியும். தடத்துக்காக இல்லாவிட்டாலும் துணியின் தரத்துக்காகவே பிரித்து அனுப்ப வேண்டும். டி.சி. எண்ணை பேட்ச் கார்டில் எழுதித் தர எங்களுக்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. எங்களிடம் துணி வந்தபின் என்ன செய்வது?

பதில் 1:
கட்டிங் மாஸ்டர் லே விரிக்கும்போது (வெட்டுவதற்காகத் துணியை அடுக்கும்போது) பேட்ச் எண்ணையும் ரோல் எடையையும் லே ஷீட்டில் குறிக்கட்டும். ஷேடு கலக்காமல் இருக்க பண்டிலுக்கு (வெட்டிய துண்டுகளின் கட்டு) எப்படியும் எண்ணிட்ட சீட்டு போடுகிறீர்கள். அந்தச் சீட்டிலேயே க்யூ.ஆர். கோடு அச்சிட்டுவிட்டால் பேக்கிங் வரை தொடர்பு விடாது. ஜாப் ஒர்க் துணி ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்ற ஜி.எஸ்.டி. விதிக்காக டி.சி.யும் எடையும் ஏற்கெனவே உங்களிடம் இருக்கும். போன எடையையும் வந்த எடையையும் பேட்ச்வாரியாக ஒத்துப்பாருங்கள். வழக்கமான பிராசஸ் லாஸை (வேலையின்போது குறையும் எடை) மீறி வித்தியாசம் வந்தால், அந்த பேட்ச்சில் வேறு துணி கலந்ததா என்று கட்டிங்குக்கு முன்பே பட்டறையில் கேட்டுவிடுங்கள்.